சேர்வராயன் மலையில் ஒரு பழைய செபஸ்தியார் கோயில்: இடிப்பதா, பழுது பார்ப்பதா?

சாரல்மலை எழுதியது:

சேலத்தில் பிறந்த நமக்கு ஏற்காடு என்றால் ஏரி, லேடீஸ் சீட், திரும்பி வரும்போது ஒரு பை மிளகு. மலையின் மறுபக்கம் போகிறவர்கள் குறைவு. அங்கே காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஊர்கள், சில ஊர்களில் பழைய மாதா கோயில், அந்தோணியார் கோயில், செபஸ்தியார் கோயில் என்று இருக்கின்றன. அப்படி ஒரு செபஸ்தியார் கோயிலுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. சாவி வைத்திருக்கும் அம்மா, "போட்டோ எடுத்துக்கங்க, ஆனா ஊர் பேரைப் போட்டுக் கூட்டத்தைக் கூட்டிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். அதற்கு மேல் எனக்குக் காரணம் வேண்டாம்.

ஓட்டுக் கூரை. நெருக்கி உட்கார்ந்தால் அறுபது பேர். ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தால்தான் சுவரின் கனம் தெரிகிறது. முழங்கை வரை உள்ளே நீட்டலாம். வாசலுக்கு வலப்பக்கம் தீர்த்தத் தொட்டி. தனியாகச் செய்து பதித்தது இல்லை, சுவரில் இருக்கும் கருங்கல்லையே குடைந்திருக்கிறார்கள். அதன் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. உள்ளே நுழைகிறவர்களின் வலது கை படும் பக்கம் அது.

பழைய பீடம் சுவரோடு ஒட்டி இருக்கிறது. மரப்படிகள், மெழுகுவர்த்தி வைக்கும் குழிகள், மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் செபஸ்தியார். அதற்கு முன்னால் பிற்பாடு போட்ட சாதாரண மேசை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால், அதாவது 1960களுக்கு முன்னால், சாமியார் மக்களுக்கு முதுகைக் காட்டி லத்தீனில் பூசை வைத்த காலம் அந்தச் சுவரில் அப்படியே நிற்கிறது. பெரிய ஊர்களில் இந்தப் பழைய பீடங்களைப் பெயர்த்துவிட்டார்கள். இங்கே காசு இல்லாததால் தப்பித்திருக்கிறது.

செபஸ்தியார் அம்பு எய்து வதைக்கப்பட்ட புனிதர். அவர் பெட்டிக்குக் கீழே ஒரு கம்பியில் வெள்ளி அம்புகள் தொங்குகின்றன. வேண்டுதல் காணிக்கை. சுண்டுவிரல் நீளம்தான் ஒவ்வொன்றும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளில் சொல்லிச் செய்வார்களாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் இந்தக் கோயிலை இடித்துவிட்டு கான்கிரீட்டில் இரட்டைக் கோபுரத்தோடு புதிதாகக் கட்டப் பேச்சு நடக்கிறது. கூரை ஒழுகுகிறது, சுவரில் அடிப்பாகம் உதிர்கிறது. கட்டடம் எத்தனை வருஷத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "வெள்ளைக்காரன் காலம்" என்கிறார்கள். இதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழுது பார்க்க முடியுமா? பணத்துக்கு வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இந்தக் கோயில் நிற்க வேண்டும்.

பழையசேலம் எழுதியது:

நல்ல இழை. வரலாற்றுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

சேலம் வட்டாரத்தில் கத்தோலிக்கம் ஆங்கிலேயருக்கு வெகு காலம் முந்தியது. மதுரையிலிருந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலி, நம் ஆட்கள் தத்துவ போதகர் என்று சொல்பவர், 1623இல் துறவி வேடத்தில் வடக்கே கிளம்பி சேந்தமங்கலம், சேலம் என்று வந்தார். சேந்தமங்கலத்தை அப்போது ராமச்சந்திர நாயக்கர் ஆண்டார். அவருடைய சகோதரர் திருமங்கல நாயக்கர் 1625இல் ஞானஸ்நானம் பெற்றார். ராசிபுரத்தை அடுத்த காக்காவேரி, தர்மபுரிப் பக்கம் கோவிலூர் எல்லாம் இயேசு சபையின் அந்தப் பழைய மதுரை மிஷன் வழியில் வந்த ஊர்கள்.

ஆனால் அந்தக் காலத்துக் கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அன்றைய கோயில்கள் மண்சுவரும் கூரையும்தான். மழை வந்தால் கரையும், படை வந்தால் எரியும். 1773இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்தார். அடுத்த சில வருஷங்களில் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் பொறுப்பேற்றார்கள். இடையில் ஹைதர், திப்பு சண்டைகள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் சேலம் கம்பெனி கைக்கு வந்தது. கல்லும் சுண்ணாம்பும் வைத்து நிலையாகக் கட்டும் அமைதி அதற்குப் பிறகே கிடைத்தது.

மலை மேல் இன்னும் தாமதம். 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டம் பெருகியது, கூலி வேலைக்குச் சமவெளியிலிருந்து குடும்பங்கள் ஏறின, அவர்களோடு சாமியும் ஏறியது. ஆகவே உங்கள் கோயில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமாக இருக்கலாம். சேலம் மறைமாவட்டமே 1930இல்தான் தனியாக வந்தது. அதற்கு முந்தைய கட்டடமாக இருந்தால் கடிதப் போக்குவரத்து புதுச்சேரி, கும்பகோணம் பக்கம் போயிருக்கும். தேடும்போது இதை மனதில் வையுங்கள்.

வயது குறைவு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கூலிக்காரர்கள் தங்கள் கையால் மலையில் எழுப்பிய கோயில் என்பதே பெரிய விஷயம். துரைமார் பங்களாக்களுக்குப் படம், புத்தகம் எல்லாம் உண்டு. இந்த மக்கள் விட்டுப்போன எழுத்து இந்தச் சுவர் ஒன்றுதான்.

ஓமலூர்ரோடு எழுதியது:

அண்ணா, லொகேஷன் தனியாகவாவது அனுப்புங்க. எங்க பைக் குரூப்பு அடுத்த வாரம் மலைக்குத்தான் போறோம். ட்ரோன் இருக்கு, சூப்பரா எடுத்துத் தரேன்.

சாரல்மலை எழுதியது:

தம்பி, வேண்டாம். அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மலையில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கோயில் கண்ணில் பட்டால் பக்கத்து வீட்டில் சாவி கேளுங்கள், கேட்டால் திறப்பார்கள். செருப்பை வெளியே விடுங்கள், பீடத்துப் படியில் ஏறாதீர்கள், உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள். ட்ரோன் பறக்க விடுவதற்கு முன் ஊரில் ஒரு பெரியவரிடம் ஒரு வார்த்தை.

காரைப்பூச்சு எழுதியது:

கட்டட வேலையில் முப்பது வருஷமாக இருக்கிறேன். அப்பா சுண்ணாம்பு வேலைக்காரர். சாரல்மலை ஐயா, "அடிப்பாகம் உதிர்கிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அந்த வரிதான் எனக்கு முக்கியம். எந்த உயரம் வரை உதிர்கிறது? சிமெண்ட் பூசியிருக்கிறார்களா? வெளியே சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்களா?

சாரல்மலை எழுதியது:

இடுப்பு உயரம் வரை சிமெண்ட் பூச்சு. அதற்கு மேல் பழைய காரை, இன்னும் கெட்டியாக இருக்கிறது. சிமெண்ட் பூசிய பகுதிதான் உப்பி, வெள்ளையாகப் பூத்து, பாளம் பாளமாக விழுகிறது. வெளியே சுற்றிலும் சிமெண்ட் தளமும் இருக்கிறது. உள்ளே பளபளப்பான எமல்ஷன் பெயிண்ட்.

காரைப்பூச்சு எழுதியது:

நினைத்தேன். அந்தக் கோயிலுக்கு வந்த நோய் வயசு இல்லை, வைத்தியம்.

விளக்கமாகச் சொல்கிறேன், ஊர்க்காரர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பழைய கட்டடங்களில் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். சேர்வராயன் மலைக் கல் சார்னோக்கைட், கருமையாக இரும்பு மாதிரி இருக்கும், தண்ணீர் குடிக்காது. அப்போது ஈரம் எங்கே போகும்? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாக மட்டும் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். மழைக்கு நனையும், வெயிலுக்குக் காயும். நூறு வருஷம் இப்படித்தான் ஓடியது.

யாரோ நல்ல மனசோடு ஒரு வருஷம் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. ஓதம் உள்ளேயே தேங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு இன்னும் உயரமாக ஏறும். ஈரம் காய்ந்து உப்பு மணி கட்டும்போது பூச்சைத் தள்ளும். உடைந்ததைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னும் கெட்டியாகச் சிமெண்ட். உள்ளே எமல்ஷன் அடித்ததும் அந்தப் பக்க வழியும் அடைத்துப் போனது. சுற்றிலும் தளம் போட்டதால் மண் ஈரம் மேலே வர ஒரே வழி சுவர்தான்.

செய்ய வேண்டியது: சிமெண்டை உளியால் மெதுவாகப் பெயர்த்து எடுக்க வேண்டும், பெரிய சுத்தியல் கூடாது. சுவரை ஒட்டிய தளத்தை இரண்டடி அகலத்துக்கு வெட்டி எடுத்து ஜல்லி நிரப்பி, தண்ணீர் சரிவாக வெளியே போக வழி விட வேண்டும். அப்புறம் சுவரைச் சும்மா விட வேண்டும். ஒரு கோடை முழுவதும் காயட்டும். இதுதான் யாருக்கும் பொறுமை இல்லாத இடம். காய்ந்த பிறகு சுண்ணாம்புக் காரை, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. எமல்ஷன் பக்கமே போகக் கூடாது.

சுண்ணாம்புக்கு நம் மாவட்டத்திலேயே சங்ககிரிப் பக்கம் கல் உண்டு. சிலர் சேலம் வெள்ளைக்கல் சுரங்கத்துக் கல்லைச் சுண்ணாம்பு என்று நினைக்கிறார்கள். அது மேக்னசைட், சூளைக்கு உள்ளே வைக்கும் செங்கல்லுக்குப் போவது, பூச்சுக்கு ஆகாது.

கூரையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஓடு உடைந்திருந்தால் சின்ன வேலை. உத்திரத்தில் கரையான் ஏறியிருந்தால் பெரிய வேலை. மாற்றுவதாக இருந்தால் தோட்டத்தில் சும்மா கிடைக்கிறது என்று சில்வர் ஓக்கைப் போடாதீர்கள். பழைய வீடு இடித்த தேக்கு வாங்குங்கள்.

காப்பிப்பூ எழுதியது:

இந்த இழையை என் தம்பி காட்டினான். நான் மலைக்காரி. சாரல்மலை சொல்லும் ஊரும் எனக்குத் தெரியும், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், அங்கே எங்கள் சித்தி வீடு இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலும் இதே மாதிரிதான் இருந்தது. இப்போது இல்லை. அதனால் நானும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் அழகு, பழமை, தீர்த்தத் தொட்டி என்று எழுதுகிறீர்கள். மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். பெண்கள் பக்கம் நாலு இடத்தில் ஒழுகும், பாத்திரம் வைப்பார்கள். கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஈரப் பாயில் உட்கார வேண்டும். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் வெளியே சாரலில் நிற்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எங்களுக்கு எப்படி இருக்கும்? எங்கள் ஆயா கடைசி ரெண்டு வருஷம் பூசைக்கு வரவில்லை. வாசல் படி உயரம், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கழிப்பறை கிடையாது. கீழே இருந்து வருகிறவர்கள் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

அப்புறம் இன்னொன்று. இந்த மலையில் பெரிய கல் கட்டடம் எல்லாமே மற்றவர்களுடையதாக இருந்தது. துரை பங்களா, துரை சர்ச்சு, கான்வென்ட். எங்கள் ஆட்கள் தோட்டக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தார்கள். இப்போது பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்ச் சம்பாதித்து அனுப்புகிறார்கள். எங்களுக்கும் ஒரு பெரிய கோயில் இருக்க வேண்டும், தூரத்தில் இருந்து பார்த்தால் கோபுரம் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா? பழையதைக் காப்பாற்றும் பொறுப்பு எப்போதும் ஏழை ஊர் தலையில்தான் விழுகிறது.

பழையசேலம் எழுதியது:

தப்பே இல்லை, அக்கா. நீங்கள் சொன்னது இந்த இழைக்கு வேண்டிய பேச்சு. ஒன்று மட்டும் கேட்கிறேன், உங்கள் ஊரில் பழையதை எடுத்துவிட்டுக் கட்டினார்களே, பிறகு ஊர் என்ன சொல்கிறது?

காப்பிப்பூ எழுதியது:

நேர்மையாகச் சொல்கிறேன். புதுக் கோயில் வசதியாக இருக்கிறது. மின்விசிறி இருக்கிறது, மைக் நன்றாகக் கேட்கிறது, ஒழுகவில்லை. கல்யாணத்துக்கு யாரும் வெளியே நிற்பதில்லை. ஆனால் பழைய கோயிலின் மரப்பீடத்தை யாரோ பழைய சாமான் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் தாத்தாவின் அப்பா அதற்கு மரம் சுமந்தவர். கணக்கில் அதற்கு என்ன விலை போட்டார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. எங்கள் அம்மா திருவிழாவுக்கு அதே இடத்தில்தான் முட்டி போடுகிறார், ஆனால் "சாமி இல்லாத இடத்துல நிக்கிற மாதிரி இருக்குது" என்கிறார். நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை.

குப்பனூர்ப்பாதை எழுதியது:

நாங்கள் இந்துக் குடும்பம். எங்கள் வீட்டில் அம்மை போட்டால் மாரியம்மனுக்கும் நேர்வோம், செபஸ்தியாருக்கும் நேர்வோம். தொற்றுநோய்க்குச் செபஸ்தியார் என்று மலை முழுக்கப் பேச்சு. உப்பும் மிளகும் வாங்கிப்போய்ப் பீடத்துக்குக் கீழே கொட்டிவிட்டு வருவது எங்கள் அப்பத்தா காலத்துப் பழக்கம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எப்படிப் போவோமோ அப்படியே ஜனவரியில் இங்கேயும் போவோம். சப்பரம் வரும்போது எங்கள் தெருவிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவோம்.

நான் சொல்ல வந்தது, முடிவு எடுக்கும் கூட்டத்தில் இந்த மாதிரி வெளியே நிற்கும் ஆட்களையும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் பக்கமிருந்தும் வருவோம்.

ஹஸ்தம்பட்டி எழுதியது:

நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் கிறிஸ்து நாதர் ஆலயம் 1870களில் எழுந்தது, சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸை வடிவமைத்த அதே ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது. அதற்கு முன்பே 1827இல் லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்துவிட்டது. பெரிய பெயர் உள்ள கட்டடத்துக்குப் பழுது பார்க்க ஆள் கிடைப்பார்கள். கிராமத்துச் சின்ன ஆலயங்களுக்குத்தான் கஷ்டம், எங்கள் சபையிலும் அதே கதை.

பண விஷயம் கேட்டிருந்தீர்கள். இந்து சமய அறநிலையத்துறை மாதிரி தேவாலயங்களுக்குத் துறை கிடையாது. ஆனால் தேவாலயங்களைப் பழுது பார்க்கத் தமிழக அரசின் நிதியுதவித் திட்டம் ஒன்று உண்டு. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்க வேண்டும். சொந்த இடத்தில் கட்டிய கோயிலாக, பதிவு செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை மாறும். இடித்துப் புதிதாகக் கட்ட இல்லை, பழுது பார்க்கத்தான் இது. அதையும் ஊரில் சொல்லுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மலைக் கிராமங்களில் எஸ்டேட்காரர் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் நிறைய. காகிதம் இல்லாவிட்டால் எந்த மனுவும் நகராது.

கத்தோலிக்கக் கோயில் என்பதால் இன்னொன்று. ஆயரின், அதாவது பிஷப்பின், எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் புதுக் கோயில் கட்டக் கூடாது என்று 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. ஆகவே ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டதும் கடப்பாரை விழுந்துவிடாது. பங்குச் சாமியாரிடம் போய்ப் பேச உங்களுக்கு நேரம் இருக்கிறது. பொதுவெளியில் சண்டை போட்டால் அந்த நேரம் வீணாகும்.

கல்லறைக்கல் எழுதியது:

வயதைக் கண்டுபிடிக்கும் பகுதி என் ஆர்வம். வரிசையாகப் பாருங்கள்.

ஓடு: உடைந்த ஓடு ஒன்றைத் திருப்பினால் கம்பெனி முத்திரை இருக்கும். மங்களூர் ஓடு என்பதே 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை வைத்த பிறகு வந்தது. ஆகவே அந்த ஓடு போட்ட கூரை அதற்குப் பிந்தியது. ஆனால் கூரை மாற்றியிருக்கலாம். ஓட்டின் வயதைச் சுவருக்குச் சொல்லிவிடாதீர்கள். சுவரின் தலைப்பில் பழைய கூரை உட்கார்ந்த தடம் வேறு சாய்வில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மணி: வார்த்த வருஷம் பொறித்திருக்கும். அதுவும் மணிக்குத்தான் சாட்சி. பெரிய கோயிலில் புது மணி வாங்கும்போது பழையதைக் கிளைக் கிராமத்துக்குக் கொடுப்பார்கள்.

ஞானஸ்நானப் புத்தகம்: இதுதான் நம்பகமானது. கிளைக் கிராமத்துப் பதிவு தாய்ப் பங்கில், அதாவது பங்குச் சாமியார் இருக்கும் தலைமைக் கோயிலில், இருக்கும். பழையவை லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும். பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர், இடம். ஊர்ப் பெயர் முதலில் எந்த வருஷம் வருகிறது என்று குறியுங்கள். சாமியாரின் அனுமதியோடு அங்கேயே உட்கார்ந்து பாருங்கள், வெளியே எடுத்துப் போகக் கேட்காதீர்கள்.

கல்லறை: தோட்டத்துரைகளின் கல்லறை எழுத்துகளைத் தேட 1905இல் வந்த ஜூலியன் ஜேம்ஸ் காட்டனின் சென்னை மாகாணத் தொகுப்பு இருக்கிறது. நம் மக்களின் கல்லறைகளுக்கு அப்படி யாரும் தொகுக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் இருந்தால் நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று போங்கள். புதர் வெட்டிச் சுத்தம் செய்திருப்பார்கள், எந்தக் கல் யாருடையது என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் எல்லாரும் அன்று அங்கே இருப்பார்கள். எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால் போதும்.

சாரல்மலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. காப்பிப்பூ அவர்களுக்குத் தனியாக நன்றி. அவர் எழுதியதைத்தான் கூட்டத்துக்குப் போகும் முன் திரும்பப் படித்தேன்.

பங்குச் சாமியாரைப் பார்த்தேன். இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்த ஊர்ப் பெயர் 1891இல் முதலில் வருகிறது. அப்போது "பிரார்த்தனை வீடு" என்றுதான் குறிப்பு. கோயில் என்று வருவது 1904இலிருந்து. மணியில் 1889, எழுத்து பிரெஞ்சு. கல்லறைக்கல் சொன்ன மாதிரி அது வேறு கோயிலிலிருந்து வந்ததாகவே இருக்கும். ஓட்டைத் திருப்பிப் பார்த்தோம். பாசல் மிஷன் ஓடும் பிற்காலத்து ஓடும் கலந்து கிடக்கிறது.

ஊர்க்கூட்டம் சுமுகமாக இல்லை. இளைஞர்கள் புதுக் கோயில் என்று உறுதியாக இருக்கிறார்கள், அவர்கள் வாக்கில் கோபமும் இருந்தது, நியாயமும் இருந்தது. "நீங்க சேலத்துல ஏசி ஹால்ல கல்யாணம் பண்ணுவீங்க, எங்களை மட்டும் ஓட்டுக்குள்ள உக்காரச் சொல்வீங்களா" என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் எழுந்து, கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் காலி இடத்தைக் கைகாட்டி, "மண்டபம் அங்க கட்டு, கல்யாணம் அங்க வை, சாமி இங்கயே இருக்கட்டும்" என்றார். அதுவரை யாரும் அந்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை. பட்டா கோயில் பெயரில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டோம்.

முடிவு இன்னும் இல்லை. சாமியார் இரண்டு கணக்கும் கேட்டிருக்கிறார்: பழுது பார்க்க எவ்வளவு, மண்டபத்துக்கு எவ்வளவு. இடிக்கும் பேச்சு ஜனவரி 20 திருவிழா முடியும் வரை எடுப்பதில்லை என்று மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

காப்பிப்பூ எழுதியது:

சித்தி போனில் சொன்னார். அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி நடந்தால் எனக்குச் சம்மதம். ஆனால் வரிசை மாறக் கூடாது. பழைய கோயிலுக்குப் பளபளவென்று வேலை பார்த்துவிட்டு, மண்டபம் "அடுத்த வருஷம்" என்று சொன்னால் அது நடக்காது. கீழே இருந்து காசு திரட்டுகிறவர்கள் கோயிலுக்கு என்றால் தருவார்கள், கழிப்பறைக்கு என்றால் தர மாட்டார்கள். அதனால் முதல் வேலை கழிப்பறையும் வாசலில் கைப்பிடிக் கம்பியும். அப்புறம் கூரை. அப்புறம் உங்கள் சுண்ணாம்பு. எங்கள் ஊரில் செய்யாததைச் சித்தி ஊரிலாவது சரியாகச் செய்யுங்கள். கைப்பிடிக் கம்பிக்கு நான் பணம் தருகிறேன், ஆயா பேரில்.

காரைப்பூச்சு எழுதியது:

அம்மா சொன்ன வரிசைதான் வேலைக்கும் சரியான வரிசை. கூரை ஒழுகும்போது சுவர் காயாது.

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உத்திரம் ஒன்றில் மட்டும் சுவருக்குள் போகும் முனை இற்றிருக்கிறது. மற்றவை தட்டினால் கணீரென்று இருக்கின்றன. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்கள் பாதிக்கு மேல் மாற்ற வேண்டும். ஓட்டில் நல்லதைப் பொறுக்கி முன்பக்கச் சரிவுக்கு வைத்துக்கொண்டு, பின்பக்கத்துக்குப் பழைய ஓடு வாங்கினால் போதும். பெரிய கோயில்களில் பார்த்த வேலையோடு ஒப்பிட்டால் இது கைக்கு அடக்கமான வேலை. என் கணக்கைச் சாமியாரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். கழிப்பறைக்கும் சேர்த்து.

சம்மதம் கிடைத்தால்: திருவிழா முடிந்ததும் கூரை. பிப்ரவரி, மார்ச்சில் சிமெண்டைப் பெயர்த்துச் சுவரை மே வரை காய விடுவோம். பூச்சு அடுத்த வருஷம் ஜனவரிக்குப் பிறகுதான். மலையில் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை காரை இறுகாது. சுண்ணாம்பை அதற்கு முன்பே தாளித்து, அதாவது தண்ணீர் விட்டு நீற்றி, குழியில் போட்டு ஊற வைக்க வேண்டும், எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் நான் போட்டுத் தருகிறேன். இரண்டு பையன்களை அந்த ஊரிலிருந்தே என்னோடு விடுங்கள், கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கிறேன். அடுத்த முறை உதிர்ந்தால் அவர்களே பூசிக்கொள்ளட்டும். கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தப் பையன் வந்தால் ரொம்பச் சந்தோஷம்.

குப்பனூர்ப்பாதை எழுதியது:

சுண்ணாம்பு ஏற்ற எங்கள் டெம்போ இருக்கிறது. டீசல் மட்டும் போட்டால் போதும்.

காரைப்பூச்சு எழுதியது:

நல்லது தம்பி. மேலே தார்ப்பாய் இறுக்கிக் கட்டிய வண்டியாக இருக்கட்டும், அடியில் பலகை போடுங்கள். தாளிக்காத கல் சுண்ணாம்பு, வழியில் மழைத் தண்ணீர் பட்டால் கொதித்துச் சாக்கே பற்றிக்கொள்ளும். அடிவாரத்தில் மேகம் கறுத்திருந்தால் ஏறாதீர்கள், கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் நின்று தார்ப்பாய் கட்ட முடியாது. கிளம்பும் அன்று காலையில் எனக்கு ஒரு போன்.